பின்கதவைத் திறந்து வச்ச சூசையப்பர்

பூட்டின கதவுக்கு உள்ள பெத்த பிள்ளையை உக்கார வச்சிட்டு, வெளிய வெயில்ல நின்னு வெடி காயப்போட்டவ நான். அந்தப் பாடு என்னன்னு இங்க இருக்கிற பொம்பளைக பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவுகளுக்குச் சொல்றேன்.

என் பேரு சவரியம்மா. ஊரு வெம்பக்கோட்டைப் பக்கம். மானம் பாத்த பூமி, மழை இல்லன்னா கஞ்சி இல்ல. அதனாலதான் சிவகாசிப் பக்கம் வந்து சேந்தோம். என்னைப் பத்தி முதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். நான் லேசுல யாரையும் நம்புறவ இல்ல. அதுக்காக என்னை ஏசினவுக இந்தக் கோயில் கூட்டத்துலயே உக்காந்திருக்காக. இருக்கட்டும். அப்பேர்ப்பட்டவளோட மன்றாட்டையும் சர்வேசுரன் கேட்டாரே, அதைச் சொல்லத்தான் நிக்கிறேன்.

நான் அப்படி ஆனதுக்குக் காரணம் இருக்கு. என் வீட்டுக்காரர் ஒரு தீப்பெட்டி கம்பெனியில குச்சி முக்குற வேலை பாத்தாரு. அங்கன ஒரு நாள் தீப்பிடிச்சு அவரு போயிட்டாரு. அடக்கம் முடியுறதுக்குள்ள, பீடி பத்த வச்சாரு, அதான் தீன்னு சொல்லிட்டாக. பீடி நாத்தம் பட்டாலே மூக்கைப் பொத்துற மனுசன் அவரு. நான் சொன்னேன், யாரும் காதுல வாங்கல. பக்கத்துல வேலை பாத்தவுககூட வாயைத் திறக்கல. செத்தவருக்குப் பேச ஆளில்ல. அன்னையிலருந்து எவரு என்ன சொன்னாலும், இதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னுதான் என் புத்தி போகும்.

என் மக ஞானம். ஒரே பிள்ளை. சமைஞ்சு வீட்டுல இருந்தவளையும் வெடிக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாப் போச்சு. அவளுக்கு வெடிக்குள்ள கருமருந்து செலுத்துற ரூம்புல வேலை. எனக்கு அந்த ரூம்புக்குப் பின்னால இருக்கிற மேடையில வெடி காயப்போடுற வேலை. அந்த ரூம்புக்கு முன்னால ஒரு கதவு, பின்னால ஒரு கதவு. பின்கதவுல ஒரு திண்டுக்கல் பூட்டு தொங்கும். நான் நிக்கிற எடத்துலருந்து பாத்தா நேரா அதுதான் தெரியும். காலையில வந்தா பூட்டு, கஞ்சி குடிக்கும்போது பூட்டு, பொழுது சாயும்போது பூட்டு.

எதுக்குப் பூட்டுறீகன்னு போர்மேன்கிட்டக் கேட்டேன். பொம்பளைக பின்வாசல் வழியாச் சேலைக்குள்ள சரக்கைச் சுருட்டிட்டுப் போறாகன்னு மொதலாளி சொல்றாகன்னாரு. முன்னால தீப்பிடிச்சா எங்கன ஓடுறதுன்னேன். பயமா இருந்தா மகளைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போன்னாரு. வீட்டுக்குப் போயி எதைத் திங்கிறது? திரும்பி வந்து வெடியைப் பரப்பினேன்.

அப்ப எனக்கு இருந்த ஒரே ஆளு, சேசுநாதரை வளத்த சூசையப்பர். மத்தியானம் கஞ்சி நேரத்துல மூவேளை செபம் சொல்லி முடிச்சிட்டு அவருகிட்டச் சண்டை போடுவேன். நீரு தச்சரு. கதவு செஞ்ச கை உம்ம கை. பூட்டி வைக்கவா கதவு செஞ்சீரு? என் பிள்ளை உள்ள இருக்கும்போது அது திறந்து கிடக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இதுதான் என் செபம். அம்புட்டு நாளும் வேற எதையும் கேட்டதில்ல.

அந்தச் சமயத்துலதான் நம்ம பங்குக்குப் புதுச் சாமியார் வந்தாரு. சின்ன வயசு. அப்பெல்லாம் பூசை லத்தீன்ல. பூசை முடிஞ்சு தமிழ்ல பிரசங்கம் வச்சாரு. மே மாசம் ஒண்ணாந்தேதி இனிமே சூசையப்பர் தொழிலாளர் திருநாள், வேலை செய்ற கையெல்லாம் கோயிலுக்கு வரணும்னாரு. ஊரே குசுகுசுன்னு பேசிச்சு. அது செங்கொடிக்காரன் தேதியாச்சே, சாமியாருக்கு அந்தத் தேதியில என்ன வேலைன்னு. சாமியாரு செவப்புன்னு சில பேரு முடிவே கட்டிட்டாக. எனக்கு வேற சந்தேகம். மாதா திருவிழாவுக்கு வருசா வருசம் வாணவேடிக்கை கொடுக்கிறது எங்க மொதலாளிதான். அவரு நம்ம வேதக்காரர் இல்லன்னாலும் கோயிலுக்குக் கொடுப்பாரு. கொடுக்கிறவரு வாங்குறவருகிட்ட எதுவும் கேக்காம இருப்பாரா? இந்தச் சாமியாரு எங்க வாயைக் கிளறி அங்க போயிச் சொல்ற ஆளுன்னு நினைச்சேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பள்ளிக்கூடத்து ரூம்புல வெடி வேலை, தீப்பெட்டி வேலை பாக்கிற பொம்பளைகளைக் கூட்டி வச்சுப் பேசுவாரு. மக போறான்னு நானும் போனேன். அவளைத் தனியா விட மனசில்ல. சுவரோரமா உக்காந்து அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருப்பேன். ரோமாபுரியில இருக்கிற பாப்பரசர்மாரு தொழிலாளிகளைப் பத்தி எழுதினதை வாரத்துக்குக் கொஞ்சமாத் தமிழ்ல எடுத்துச் சொல்லுவாரு. வேலை செய்றவன் எண்ணி வைக்கிற உருப்படி இல்ல, சர்வேசுரனோட சாயல். லாபத்துக்கு முன்னாடி உசுரு. ஞாயமான கூலி தருமம் இல்ல, கடமை. தொழிலாளிக ஒண்ணு கூடுறது பாவம் இல்ல, அது அவுக உரிமை. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்கிறதுதான் எனக்குப் பயம்.

ஒரு நாள் பொறுக்க மாட்டாமக் கேட்டுட்டேன்.

"இதெல்லாம் மொதலாளிகிட்டயும் சொல்வீகளா சாமி, இல்ல எங்களுக்கு மட்டுந்தானா?"

எல்லாரும் என்னை முறைச்சாக. ஞானம் என் முழங்கையைக் கிள்ளினா. சாமியாருக்கு முகம் செவந்து போச்சு. போறேன், போயிச் சொல்றேன்னாரு.

அந்த வாரமே மொதலாளி வீட்டுல இருந்து அவரு வெளிய வர்றதைப் பாத்தேன். மொதலாளி வாசல் வரைக்கும் வந்து கும்பிட்டு அனுப்புறாரு. எனக்குக் குப்புன்னு ஏறிச்சு. பாத்தியா, நான் சொல்லல, காப்பி குடிச்சிட்டு வர்றாருன்னு மககிட்டச் சொல்லிக் கத்தினேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அவரே வாயைத் திறந்தாரு. காப்பி கொடுத்தாக, குடிச்சேன். நீங்க எல்லாரும் சொல்ற பூட்டைப் பத்திப் பேசினேன். சாமி, நீங்க பூசையைப் பாருங்க, கம்பெனியை நாங்க பாத்துக்கிறோம்னு அனுப்பிட்டாகன்னாரு. நான் நம்பல. இப்படிக் கதை சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? ஆனா அந்த வருசம் மாதா திருவிழாவுக்கு வாணவேடிக்கை வரல. சப்பரம் இருட்டுலதான் சுத்திச்சு. ஊரே சாமியாரைத் திட்டுச்சு. நான் மட்டும் அன்னைக்குத்தான் அவரைப் பாதி நம்பினேன்.

அவரு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாரு. எடுத்த எடுப்புல சண்டைக்குப் போகாதீக. முதல்ல பாருங்க. பாத்ததை இங்க வந்து சொல்லுங்க. சேசுநாதர் அந்த எடத்துல நின்னா என்ன சொல்லுவாருன்னு கூடி யோசிப்போம். அப்பறம் செய்வோம். பாக்குறதுன்னா எனக்குச் சொல்லியா கொடுக்கணும்? என் கண்ணுக்கு அதுதான வேலை.

அப்படிப் பாத்துட்டு வந்து ஆளுக்கொண்ணு சொன்னாக. ஒருத்தி கேட்டுல சோதிக்கிறதைப் பத்திச் சொன்னா. இரும்பு கிரும்பு எது உரசினாலும் தீப்பொறி வரும்னு, உள்ள போறதுக்கு முன்னாடி மெட்டி, கொண்டை ஊசி, கழுத்துல கிடக்கிற மாதா சுரூபம், எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாக. ஒரு துணியில மொத்தமா முடிஞ்சு கேட்டுல தொங்கவிட்டுட்டுத்தான் போவோம். மாதா படம் தச்ச துணி உத்தரியம் மட்டும் கழுத்துல இருக்கும். இன்னொருத்தி மறுபடி பூட்டைப் பத்திச் சொன்னா. பேசிக்கிட்டு இருக்கும்போதே எல்லாருக்கும் ஒண்ணுபோலப் பொறி தட்டுச்சு. மெட்டி ஆகாத எடத்துல அம்மாம் பெரிய பூட்டு தொங்குதே! தினமும் பாத்த எனக்கே அது உறைக்கல.

கூட்டத்துல பேசுறது மறுநாளே போர்மேனுக்குத் தெரிஞ்சுபோகும். யாரோ போயிச் சொல்றாகன்னு எனக்குச் சந்தேகம். சந்தேகம் என்ன, பேச்சியம்மா மேலதான். அவ போர்மேனோட சித்தப்பா மக. வேதக்காரி இல்ல. என்கூட மேடையில வேலை பாக்கிறவ. நாங்க பேசும்போது பள்ளிக்கூடத்துச் சன்னலுக்கு வெளிய தண்ணிக் குடத்தை வச்சிக்கிட்டு நிப்பா. குழாயி அந்தப் பக்கமே இல்ல. பின்ன எதுக்கு நிக்கா? அவ இருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். மதினி மதினின்னு அவ ஒட்டி ஒட்டி வந்து பேசுவா. நான் தட்டுல வெடியைப் பரப்புறதுல கண்ணா இருப்பேன்.

தீபாவளி சீசன் சூடு பிடிச்ச நேரம். ஆர்டர் மேல ஆர்டர். அப்பத்தான் கேக்கணும்னு முடிவு பண்ணினோம். நீங்களும் வாங்க சாமின்னு கூப்பிட்டாக. அவரு வரல. இது உங்க எடம், உங்க பேச்சு, நான் வந்தா அது சாமியார் சண்டை ஆயிரும்னாரு. பயந்துட்டாருன்னு நினைச்சேன். பாதி நம்பினதுல அதுலயும் பாதி போச்சு.

காலையில கேட்டுல எல்லாரும் கழட்டினோம். துணியில முடிஞ்சோம். ஆனா உள்ள போகல. அப்படியே நின்னோம். யாரு பேசுறதுன்னு முன்கூட்டியே பேசி வச்சிருந்தோம். பேச வேண்டியவளுக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு. போர்மேன் ஒவ்வொருத்தி மூஞ்சியாப் பாத்தாரு. என் பக்கம் வந்ததும் நீதான் தூண்டிவிட்டயான்னாரு. அப்ப எனக்குப் பின்னாலருந்து பேச்சி முன்னால வந்தா.

"எங்க கால் மெட்டியைக் கழட்டிட்டோம் அண்ணே. கதவு மாட்டியிருக்கிற மெட்டியை யாரு கழட்டுறது?"

தன் வீட்டுப் பிள்ளையே கேப்பான்னு போர்மேன் நினைக்கல. நானும் நினைக்கல. அந்த நிமிசத்துலயும் என் புத்தி, இது ஏதோ கூத்து, ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு ஆடுறாகன்னுதான் ஓடிச்சு.

மொதலாளி காரு வந்துச்சு. லோடு ஏத்த லாரி நிக்கிது, உள்ள ஒரு பொம்பளை இல்ல. நாங்க சத்தம் போடல, ஏசல. சந்தேகம்னா கேட்டுல ஒரு பொம்பளையைப் போட்டு வெளிய போகும்போது எங்களைச் சோதிங்க, உள்ள வச்சுப் பூட்டாதீகன்னு சொன்னோம். அவரு லாரியைப் பாத்தாரு, எங்களைப் பாத்தாரு. பெறகு போர்மேன் கையில இருந்த சாவியைக் காட்டித் தலையை ஆட்டினாரு. பூட்டைக் கழட்டி எடுத்துட்டு வந்தாக.

கோயில்ல நன்றிப் பூசை வச்சாக. எல்லாரும் அழுதாக. சாமியார் என்கிட்ட வந்து, உங்க செபம் கேக்கப்பட்டிருச்சே சவரியம்மான்னாரு. இன்னும் நன்றி சொல்லல சாமின்னுட்டேன். பூட்டினவுக திரும்பப் பூட்ட மாட்டாகளா? பூட்டை வீட்டுக்கா கொண்டு போனாக, ஆபீசு ஆணியிலதான மாட்டியிருக்கு? அவரு கோவிச்சுக்கல. அப்ப தினமும் போயிப் பாருங்கன்னாரு.

பாத்தேன். மத்தியானம் மூவேளை செபம் முடிச்சதும் போயி அந்தக் கதவை ஒரு இழுப்பு இழுத்துத் திறந்து பாத்துட்டுத்தான் கஞ்சியில கை வைப்பேன். வெளிப்பக்கமாத் திறக்கிற கதவு அது. உள்ள இருக்கிற பிள்ளைக சிரிக்கும். போர்மேன் எனக்குக் கதவுக்காரின்னு பேரு வச்சாரு. ஞானத்துக்கு ஒரே வெக்கம். ஏம்மா இப்படி மானத்தை வாங்குறேம்பா. வாங்கினா வாங்கிட்டுப் போறேன்.

தீபாவளி நெருங்கின ஒரு மத்தியானம், வெம்பக்கோட்டைப் பக்கம் மேகம் கருக்கலாக் கட்டி வந்துச்சு. மேடை நிறைய வெடி காயுது. நனைஞ்சா அம்புட்டும் பாழு. போர்மேன் கத்துறாரு, பொம்பளைக எல்லாரும் தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுறோம். செட்டுல எடம் இல்ல. எங்கன கூரை இறவாரம் இருக்கோ அங்கன அடுக்கினோம். மழை பிடிச்சிருச்சு. மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது எனக்கு மூவேளை செபம் சொல்லாதது ஞாபகம் வந்துச்சு. சொல்லிக்கிட்டே கதவைப் பாக்கத் திரும்பினேன்.

கதவைக் காணோம். தட்டு மேல தட்டா என் தலை உசரத்துக்கு நிக்கிது. மருந்து ரூம்பு இறவாரம்தான் அகலம், அதனால அங்கனதான் அதிகமா அடுக்கியிருக்கு. வெளிய திறக்கிற கதவுக்கு முன்னாடி சுவரு கட்டின மாதிரி ஆயிப்போச்சு.

எனக்கு ஆவேசமே வந்திருச்சு. போர்மேன் வேணும்னே செஞ்சிட்டான், பூட்டை எடுத்துட்டு இப்படி அடைக்கிறான்னு கத்தினேன். பேச்சி என் கையைப் பிடிச்சா.

"அவரு இல்ல மதினி. நாமதான் வச்சோம்."

ஆமா. நாங்கதான். பூட்டைக் கழட்டுன்னு கேட்டுல நின்ன அதே பொம்பளைக. சரக்கு நனையக் கூடாதுங்கிற அவசரத்துல, எந்தக் கதவுக்காக நின்னோமோ அதையே எங்க கையால அடைச்சு வச்சிருந்தோம். ஒருத்திக்கும் தோணல.

நான் தட்டை இழுத்து மழையில வச்சேன். பேச்சியும் இழுத்தா. போர்மேன் ஓடி வந்து, நனையுதே, நனையுதேன்னு குதிக்கிறாரு. அவரு வைக்க, நாங்க எடுக்க. மத்தவுக கொஞ்சம் தயங்கினாக, பெறகு அவுகளும் வந்தாக. தட்டெல்லாம் தண்ணியில கிடக்கு. நான் கதவை இழுத்து அகலத் திறந்து, முட்டுக்கு ஒரு கல்லை வச்சேன். மழைச் சாரல் உள்ள அடிக்குது, மூடும்மான்னு ஞானம் உள்ள இருந்து கோவமாச் சொன்னா. நான் மூடல. மழை விட்டு, எங்க சேலை காயுறதுக்குள்ள, ரூம்புக்கு முன்பக்கம் படபடன்னு சத்தம் கேட்டுச்சு.

எப்படிப் பிடிச்சுதுன்னு இன்னைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. ஈரம்கிறாக, மின்னல்கிறாக. எனக்குத் தெரியாது. முன்வாசல் முழுக்க நெருப்பு. அந்தப் பக்கம் ஈ எறும்பு தப்ப முடியாது. பின்வாசல் வழியாப் பிள்ளைக ஒருத்தி மேல ஒருத்தி விழுந்து வந்துச்சுக. நான் ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கேன். ஞானம் இல்ல. சூசையப்பரே, சூசையப்பரேன்னு அது ஒண்ணுதான் என் வாயில வந்துச்சு. புகைக்குள்ளருந்து வந்தா. பின்னல் கருகியிருந்துச்சு, இடது கை வெந்திருந்துச்சு. என் மேல வந்து விழுந்து,

"கதவு திறந்திருந்துச்சும்மா"ன்னா.

பேச்சியோட தங்கச்சியும் வந்துட்டா. உள்ள இருந்த எல்லாரும் வந்துட்டாக. பெறகுதான் வெடிச்சுக் கூரையைத் தூக்கி எறிஞ்சுச்சு. அந்தத் தட்டுக அங்கனயே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் நினைச்சுப் பாக்கிறதே இல்ல.

அதோட முடியல. மறுநாள் மொதலாளி விசாரிச்சாரு. யாரோ உள்ள இரும்பு கொண்டு போயிருக்காகன்னு போர்மேன் ஆரம்பிச்சாரு. முன்பக்கம் உக்காந்தது யாரு, ஞானமான்னாரு. பீடி, பீடின்னு அன்னைக்குச் சொன்னது காதுல கேக்குது. அதே பழிதான் திரும்ப வருது. நான் பேச வாயைத் திறக்கிறதுக்குள்ள பேச்சி கேட்டுக்குப் போயி, முந்தின நாள் யாரும் எடுக்காம அப்படியே தொங்கின துணி முடிச்சை அவுத்துக் கொண்டு வந்து மொதலாளி காலடியில விரிச்சா. ஒவ்வொருத்தியா வந்து தன்னதை எடுத்துக்கிட்டாக. ஞானத்தோட சுரூபமும், கொண்டை ஊசியும் அதுல இருந்துச்சு. யாரோடதும் குறையல. போர்மேன் தலையைத் தொங்கப் போட்டாரு. என் வீட்டுக்காரருக்குப் பேச ஒரு நாதி இல்லாமப் போச்சு. என் மகளுக்கு அம்புட்டுப் பேரு நின்னாக.

பேச்சிகிட்ட அப்பறம் கேட்டேன், சன்னல்ல எதுக்குடி நின்னேன்னு. என் தங்கச்சியும் உள்ளதான வேலை பாக்கா மதினி, உங்க எடத்துக்குள்ள வரலாமா கூடாதான்னு தெரியல, அதான் நின்னு கேட்டேன்னா. எனக்கு அழுகை வந்திருச்சு. போர்மேன்கிட்டப் போயிச் சொன்னது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பேச்சி இல்லங்கிறது மட்டும் தெரியும். இங்கதான் எங்கயாவது உக்காந்திருப்பாகன்னு நினைக்கிறேன்.

ஞானத்தோட கையை ஆஸ்பத்திரி சிஸ்டர்மார் கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு ஆத்தினாக. அங்க இருந்தவ அப்படியே நர்சு வேலை படிக்கப் போயிட்டா. இன்னைக்கு அவ கைதான் தீக்காயக்காரங்களுக்கு மருந்து போடுது. கம்பெனியில இப்பப் புதுசாக் கட்டின ரூம்புகளுக்கு நாலு பக்கமும் கதவு. கேட்டுல சோதிக்கப் பொம்பளை வேணும்னு கேட்டோம்ல, அந்த வேலையை எனக்கே கொடுத்துட்டாக. இம்புட்டுச் சந்தேகம் வேற யாருக்கு இருக்குன்னு மொதலாளி சொன்னாராம். பேச்சி இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா.

தீப்பிடிச்ச வாரம் பூசை முடிஞ்சு சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால முழந்தாள் போட்டேன். சாமியார் பின்னால வந்து நின்னாரு. நானே சொன்னேன், இப்பச் சொல்லிட்டேன் சாமி, நன்றின்னு. என் சந்தேகத்தை எடுத்துப் போடும்னு நான் சூசையப்பர்கிட்டக் கேட்டதில்ல. அவரும் எடுக்கல. அதை என் பிள்ளைக்குக் காவலா வச்சிட்டாரு.

சனங்களே, உங்க வேலை எடத்துலயும் ஏதாவது ஒரு கதவு பூட்டித்தான் இருக்கும். உங்களுக்கே தெரியும் அது எதுன்னு. முழந்தாள் போட்டுக் கேளுங்க, அவரு கேப்பாரு, எனக்குக் கேட்டாரு. தனியாக் கேக்காதீக, பக்கத்துல நிக்கிறவ எந்தச் சாதி, எந்த வேதம்னு பாக்காம அவ கையையும் பிடிச்சிக்கிட்டுக் கேளுங்க. திறந்ததும் நன்றி சொல்லுங்க. சொல்லிட்டு, மறுநாளும் போயி அந்தக் கதவை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்க.